ஆமூர்க் களமும் தில்லிக் கோதாவும்

மற்போரைக் கண்டு எழுதப்பெற்ற தமிழ்க் குறிப்புகளுள் மிகப் பழையது புறநானூற்றில் உள்ளது. சோழன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி என்பவன் முக்காவல் நாட்டு ஆமூரில் ஒரு மல்லனோடு பொருது அவனை வீழ்த்தினான். அதனைச் சாத்தந்தையார் என்னும் புலவர் பாடினார். 80 ஆம் பாட்டில் அவன் பற்றிய பிடியே சொல்லப்படுகிறது. ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்திக் கிடக்கிறது. மற்றொரு கால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப்புறம் வளைகிறது. பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வது போலத் தலையும் காலும் ஒருங்கே முறிய மோதுகிறான். 82 ஆம் பாட்டு விரைவைச் சொல்கிறது. ஊரிலே திருவிழா, வீட்டிலே மனைவிக்குப் பேறுகாலம், மழையோ பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. இத்தனைக்கும் நடுவே கட்டிலுக்கு வார் பின்னுகின்ற தொழிலாளியின் ஊசி எவ்வளவு விரைந்தோடுமோ, அதனினும் விரைவாக அப்போர் நடந்ததாம். இன்றைய விளையாட்டுச் செய்தியாளரிடம் இத்துணைத் திருத்தமான வருணனையை எதிர்பார்ப்பது அரிது.

நமக்கு இவற்றினும் சுவையாகத் தோன்றுவது 85 ஆம் பாட்டு. அதைப் பாடியவர் பெருங்கோழி நாயகன் மகள் நக்கண்ணையார் என்னும் பெண்பாற் புலவர். வென்றவன் அவனே என்கிறது ஒரு கூட்டம். அல்லன் என்கிறது மற்றொரு கூட்டம். இரு சாராரின் பேச்சையும் கேட்ட நக்கண்ணையார் சிலம்பு ஒலிக்க ஓடிச் சென்று, தம் வீட்டுப் பனைமரத்தைச் சார்ந்து நின்று, அவன் வென்றதைத் தம் கண்ணாற் கண்டதாகச் சொல்கிறார். ஆனால் அவனிடம் அவர் கொண்ட காதல் 83, 84 ஆம் பாடல்களால் விளங்குகிறது. ஆகவே அவர் நடுநிலைச் சாட்சி அல்லர்! மற்போரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சாட்சிகள் பெரும்பாலும் இத்தகையனவே என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

வென்றவர் யார் என்னும் இந்த ஐயத்தோடு பிற்காலத்தில் வேறோர் ஐயமும் சேர்ந்துகொண்டது. போர் மெய்யானதா, அன்றி முன்னரே பேசிவைத்த கூத்தா என்பதே அது. பேசிவைத்த போருக்கு இவ்வடநாட்டார் ‘நூரா குஸ்தி’ என்று பெயரே வைத்திருக்கின்றனர். பழங்காலத்துப் போரெல்லாம் மெய், இக்காலத்துப் போரெல்லாம் பொய் என்று கூறும் முதியோர் நம் காலனிகளிற் பலர். அப்படி ஒரு கோடு கிழித்துவிட முடியுமா என்பதை ஒரு சில ஆட்டங்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மல்லுக்குத் தமிழகம் புதிதன்று. பல்லவ வேந்தன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்பது பட்டப்பெயர். அவன் பெயரால் ஒரு துறைமுகமே விளங்குகிறது. ஆயினும் நாம் இன்று வழங்கும் குஸ்தி, கோதா, பயில்வான் ஆகிய சொற்கள் வடக்கிலிருந்து வந்தவை. 1904 ஆம் ஆண்டையொட்டி இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்த ஐரோப்பிய உடல்வலியாளர் யூஜின் சாண்டோவின் பெயரோ நம் வீடுகளில் ஒரு பனியனுக்கு அமைந்துவிட்டது. எந்தப் பயில்வானுக்கும் இதனினும் நிலையான புகழ் வாய்த்ததாகத் தெரியவில்லை.

குஸ்தியின் விதியை இங்கே ஒரு சொல் கூறிவிடுதல் நலம். எதிராளியின் இரு தோள்களும் ஒருசேர மண்ணிற் படவேண்டும், அப்போதுதான் வெற்றி. குப்புற விழுந்தவன் தோற்றவன் ஆகான். விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நாம் கேலியாகச் சொல்லும் பழமொழி இங்கே பொருந்தாது. கோதாவில் மீசை முழுதும் மண்ணானாலும் குற்றமில்லை, முதுகில் மட்டும் ஒட்டக்கூடாது.

இதனை நாம் நேரிற் கண்டு தெரிந்துகொண்டோம். ஜும்மா மசூதியை அடுத்த உருதுப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் ‘தங்கல்’ எனப்படும் மற்போர் விழா நெடுங்காலம் நடந்துவந்தது. நுழைவுச்சீட்டு இல்லை, வென்றவன் கூட்டத்தைச் சுற்றி வரும்போது மக்கள் விரும்பியதைக் கொடுப்பார்கள். மத்திய அரசு அலுவலகமொன்றில் பணியாற்றிய எம் தந்தையார் சிறுவயதில் எம்மை அங்கே அழைத்துச் சென்றார். ஒரு போர் முடிந்ததும் கூட்டம் இரண்டுபட்டது. தோள் பட்டது என்றார் ஒரு முதியவர். படவில்லை என்றார் பக்கத்திலிருந்தவர். நடுவர் அவ்விளைஞனைத் திருப்பி நிறுத்தி முதுகைக் காட்டினார். ஒரு தோளில் மட்டுமே மண் இருந்தது. எம் தந்தையார் நம் மீசைப் பழமொழியை உரக்கத் தமிழிலேயே சொல்லிச் சிரித்தார். எம்மைத் தவிர அங்கே யாருக்கும் அது விளங்கவில்லை. மீண்டும் போர் தொடங்கிற்று.

இனி இலண்டன் மாநகருக்குச் செல்வோம். 1910 ஆம் ஆண்டு, வங்காளத்துச் செல்வர் சரத்குமார் மித்திரரின் பொருளுதவியோடு இந்திய மல்லர் சிலர் இங்கிலாந்து சென்றனர். அவர்களுள் தலையாயவர் காமா. உயரம் குறைவு என்று போட்டியிற் சேர்த்துக்கொள்ள மறுத்தார்களாம். காமாவோ எவர் வேண்டுமாயினும் வரலாம் என்று அறைகூவல் விடுத்தார். ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்கரான பெஞ்சமின் ரோலரை வென்றார். பின்னர்ச் செப்டம்பர் 10 ஆம் நாள், ஷெப்பர்ட்ஸ் புஷ் அரங்கில், போலந்து நாட்டு ஸ்டானிஸ்லாஸ் சிபிஸ்கோ அவர் எதிரே நின்றார். ‘ஜான் புல்’ என்னும் இதழ் தந்த இடைக்கச்சையும் 250 பவுனும் பரிசு.

அப்போர் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நடந்தது. நடந்தது என்பதைக் காட்டிலும் கிடந்தது என்பதே பொருந்தும். தொடங்கிய சிறிது நேரத்தில் காமா அவரைக் கீழே தள்ளிவிட்டார். எடையில் மிக்கவரான சிபிஸ்கோ விரிப்பின்மீது குப்புறப் படுத்து, கைகால்களை ஊன்றி, எழாமலே காலங்கழித்தார். காமா எவ்வளவு முயன்றும் அவரைப் புரட்ட இயலவில்லை. பொழுது சாய்ந்தது, போர் முடிவின்றி நிறுத்தப்பட்டது. அடுத்த வாரம் 17 ஆம் நாள் மீண்டும் பொரவேண்டும் என்று தீர்மானித்தனர். அன்று காமா வந்தார், சிபிஸ்கோ வரவில்லை. கச்சை காமாவுக்கு உரியதாயிற்று.

இது மெய்யான போர் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் பணம் கொடுத்து வந்தவர்க்கு இது இனித்திருக்குமா? இதற்கு இரண்டாண்டு முன்னர், 1908 இல், சிகாகோ நகரில் பிராங்க் காட்ச் என்பவரும் ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட் என்பவரும் இரண்டு மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இறுதியில் ஹாக்கன்ஷ்மிட் தாமே விலகிக்கொண்டார். வலிமையிற் சமமான இருவர் மெய்யாகப் பொருதால் பெரும்பாலும் அசையாமல் நிற்பார்கள், அன்றிக் கிடப்பார்கள். கூத்து நுழைந்த வாயில் இதுவே. அரங்கு நிரம்பவேண்டும், ஆட்டம் குறித்த நேரத்தில் முடியவேண்டும், தோற்றவன் அடுத்த வாரம் வேறோர் ஊரில் மீண்டும் ஆடவேண்டும் என்று கருதிய அமெரிக்க ஏற்பாட்டாளர்கள், 1920 ஐ ஒட்டிய ஆண்டுகளில் முடிவை முன்னரே பேசிவைக்கும் முறையைப் பெருந்தொழிலாக வளர்த்தனர். அவர்களைப் பேராசைக்காரர் என்று மட்டும் சொல்லிவிடுதல் நேர்மையாகாது. இரண்டரை மணி நேரம் ஒருவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க நம்முள் எத்தனை பேர் அணியமாயிருப்போம்?

அந்தத் தொழிலில் சிபிஸ்கோவும் இருந்தார். 1925 ஆம் ஆண்டு ஏப்ரல் 15 ஆம் நாள் பிலடெல்பியாவில் வேயின் மன் என்பவருடன் அவர் மோதவேண்டியிருந்தது. மன் கால்பந்தாட்டத்தில் பெயர் பெற்ற நெடிய இளைஞர். பட்டம் அவரிடம் இருந்தது. மற்போர்க்கலையில் அவருக்குப் பயிற்சி போதாது. சிபிஸ்கோ தோற்பதாக ஏற்பாடு. ஆனால் மணி அடித்ததும் அம்முதியவர் ஏற்பாட்டைக் காற்றில் விட்டார்! மன்னை உண்மையாகவே பிடித்து மீண்டும் மீண்டும் தோள்படக் கிடத்தினார். நடுவர் வேறு வழியின்றி வெற்றியை அவருக்கே கூறினார். கூத்து மேடையில் ஒரு நடிகன் திடீரென்று மெய்யாகவே வாளை உருவியது போன்ற செயல் இது. இதன் பின்னும் வேறொரு கூட்டத்தாரின் ஏற்பாடு இருந்தது என்பர். அடுத்த திங்களிலேயே பட்டத்தை ஜோ ஸ்டெச்சர் என்பவரிடம் சிபிஸ்கோ தோற்றார். ஆகவே அந்த மெய்ப்போர் ஒரு பெரிய பொய்யின் நடுவே நிகழ்ந்த சிறிய மெய். நாம் மேலே ஐயுற்ற கோடு இங்கேயே குழம்பிவிடுகிறது அல்லவா?

மூன்றாண்டு கழிந்தது. பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் பழைய கணக்கைத் தீர்க்க விரும்பினார். 1928 ஜனவரியில் காமாவும் சிபிஸ்கோவும் பாட்டியாலாவில் மீண்டும் எதிர்நின்றனர். இருவரும் ஐம்பதை எட்டிய முதியவர்கள். இம்முறை விரிப்பு இல்லை, மண் கோதா. பல்லாயிரவர் திரண்டிருந்தனர். கைகோத்தார்கள், காமா பாய்ந்தார், சிபிஸ்கோவின் தோள்கள் மண்ணில் பட்டன. இருபத்தொரு நொடி என்பர் சிலர். நாற்பத்திரண்டு என்பர் சிலர். நாற்பத்தொன்பது என்பாரும் உளர். ஒரு நிமிடத்துக்குள் என்பதில் மட்டும் வேறுபாடு இல்லை. சாத்தந்தையாரின் ஊசி நினைவுக்கு வருகிறது.

இலண்டனில் இரண்டரை மணி நேரம் புரளாத உடல் இங்கே ஒரு நிமிடத்துக்குள் புரண்டது ஏன்? அகவை காரணமென்றால் அது இருவர்க்கும் பொது. இங்கே மண் கோதா, அதுவே அவர்க்கு இடையூறு என்பர் சிலர். நமக்குத் தோன்றுவது வேறு. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் காமா நாள்தோறும் மண்ணிலே தண்டாலும் பஸ்கியும் எடுத்து மெய்யாகவே பொருதுகொண்டிருந்தார். சிபிஸ்கோவோ அவ்வாண்டுகளிற் பெரும்பகுதியைப் பேசிவைத்த ஆட்டங்களிற் கழித்தார். இயற்கையான வலி எஞ்சியிருந்தது. அதனை மன் அறிந்தார். ஆனால் மெய்யாகப் பாய்ந்துவரும் ஒருவனை முதல் நொடியிலே எதிர்கொள்ளும் பழக்கம் தேய்ந்திருக்கும். இது எம் ஊகமே. ஆயினும் நாம் பார்த்திருக்க வேண்டிய ஒரே ஆட்டம் எது என்று யாரேனும் வினவினால், பாட்டியாலா என்றே விடையிறுப்போம். பிரிவினையின்போது காமா லாகூரில் தங்கிவிட்டார். 1960 மே 23 ஆம் நாள் அங்கேயே காலமானார்.

பாட்டியாலாப் போர் நடந்த அதே 1928 ஆம் ஆண்டில்தான் அமிர்தசரஸ் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தாராசிங் பிறந்தார். இவர் பெயரை அறியாத தமிழ் வீடு இராது. வீட்டில் சாதம் உண்ண மறுக்கும் பிள்ளையிடம் தாராசிங்கைச் சொல்லி ஊட்டிய தாய்மாரும், வீராப்புப் பேசுகிறவனைப் பெரிய தாராசிங் என்று எள்ளிய நண்பரும் நம்மிடையே நிரம்ப உண்டு. அவரோடு சேர்த்து வழங்கும் மற்றொரு பெயர் கிங்காங். ஹங்கேரியில் பிறந்து சிங்கப்பூரை இருப்பிடமாகக் கொண்ட எமில் சாயா என்பவர் அவர். எடை 200 கிலோகிராம் என்பர். 1956 இல் ராஞ்சியில் தாராசிங் அவரைத் தலைக்குமேல் தூக்கி எறிந்ததாக வழங்கும் செய்தி இன்றும் கதையாகச் சொல்லப்படுகிறது. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் என இவர்கள் ஆடாத நகர் இல்லை.

இவை நூரா குஸ்தியா? அக்காலத்திலேயே அப்பேச்சு இருந்தது. ஒரே இருவர் ஊர் ஊராக, வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில் மோதுவதென்றால், எலும்பு முறியாமல் ஆடுவது எங்ஙனம் என்று சிந்தித்தாலே விடை கிடைத்துவிடும். அந்த உடன்பாடு முறிந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கராச்சி சான்று. 1976 டிசம்பரில் காமாவின் தம்பி இமாம் பக்ஷின் மகனான அக்ரம் பயில்வான், ஜப்பானியரான அந்தோனியோ இனோகியோடு மோதினார். ஆட்டம் மெய்யாகிவிட்டது, அக்ரமின் கை முறிந்தது. கூட்டம் திகைத்துப்போயிற்று.

ஆயினும் தாராசிங்கை வெறும் கூத்தாடி என்று ஒதுக்குவாரோடு நாம் உடன்படோம். மண்ணில் பயின்ற மல்லர் அவர். 1968 மே 29 ஆம் நாள் பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸ்ஸை வென்றார். தெஸ்ஸும் மெய்ப்பிடி அறிந்தவர் என்று அத்தொழிலார் அனைவரும் ஒப்புவர். மெய்யான வலி உள்ளவரே நெடுங்காலம் பொய்ப்போர் ஆட முடியும் என்பது விந்தையான உண்மை. 1983 இல் நம் தில்லியிலேயே நடந்த போட்டியோடு தாராசிங் கோதாவை விட்டு விலகினார். அப்போட்டியை ராஜீவ் காந்தி தொடங்கிவைத்தார். குடியரசுத் தலைவர் ஜைல் சிங் கோப்பை வழங்கினார். சில ஆண்டுகளில் அதே தாராசிங் தூர்தர்ஷன் இராமாயணத்தில் அனுமனாகத் தோன்ற, ஞாயிறு காலைகளில் நம் காலனித் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்ததை யார் மறப்பார்? அவர் 2012 இல் மறைந்தார்.

நிற்க. கூத்தை நாடாத மற்போரும் இதே நகரில் வளர்ந்தது. சப்ஜி மண்டிப் பக்கம் பிர்லா ஆலையை ஒட்டி 1925 இல் தொடங்கிய அகாடா, குரு அனுமான் என்னும் பிரமசாரியின் வாழ்நாள் தவம். விடியுமுன் எழுந்து மண்ணைக் கொத்தி, எண்ணெயும் மஞ்சளும் மோரும் கலந்து பதப்படுத்தி, அதன்பின்னரே பயிற்சி. 1999 இல் மோட்டார் விபத்தில் அவர் மறையும்வரை அம்முறை பிறழவில்லை. அவர் மாணவர் சத்பால் 1982 தில்லி ஆசிய விளையாட்டில் 100 கிலோகிராம் பிரிவில் பொன் வென்றார். அதே பிரிவில் 1970 இல் பாங்காக்கில் பொன் வென்ற மாஸ்டர் சந்தகி ராம் ஓவிய ஆசிரியர். பின்னாளில் யமுனைக் கரையை அடுத்து அகாடா வைத்துத் தம் புதல்வியர்க்கும் மற்போர் கற்பித்தார். அன்று அதற்கு எதிர்ப்பு மிகுதி. இன்று அவர் செய்தது எவ்வளவு பெரிய செயல் என்பது விளங்குகிறது.

கூத்தின் பக்கம் ஒரு வாக்குமூலம் 1989 இல் வெளிவந்தது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் விளையாட்டுக்குரிய கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குப் பெறும்பொருட்டு, தம் ஆட்டம் போட்டியன்று, பொழுதுபோக்கே என்று அந்நிறுவனத்தாரே சட்டமன்றத்தாரிடம் கூறிவிட்டனர். இரகசியம் வெளிப்பட்டபின் மக்கள் விலகியிருக்க வேண்டும், நடந்ததோ நேர்மாறு. கேபிள் தொலைக்காட்சி வந்த சில ஆண்டுகளில் நம் பிள்ளைகள் மாடிப்படிகளில் அமர்ந்து மல்லர் படம் போட்ட டிரம்ப் சீட்டு ஆடினர். திருக்குறள் ஒப்பித்த நாவே அம்மல்லர்களின் உயரமும் எடையும் மார்பளவும் ஒப்பித்தது.

2017 டிசம்பர் 9 ஆம் நாள் இந்திரா காந்தி உள்ளரங்கில் டிரிபிள் எச் என்பவர் பஞ்சாபி வழியினரான கனடியர் ஜிந்தர் மகாலை வென்றார். முடிந்ததும் இருவரும் பாங்க்ரா ஆடினர்! அரங்கில் ஆரவாரம். இளைஞர் பலர்க்கு ஒரு மனக்குறையும் இருந்தது. சென்ற மாதம்வரை மகாலிடம் இருந்த பட்டத்தைத் தில்லிக்கு வருமுன்னரே பறித்துவிட்டார்களே என்பது அது. எழுதிவைத்த கதை என்று தெரிந்தும் எழுதியவரோடு வழக்காடுகிறார்கள். இதனை நாம் இகழவில்லை. கூத்து என்று தெரிந்தே அபிமன்யுவுக்காக அழுதவர் நம் முன்னோர்.

கடைசியாக ஓர் ஆட்டம். 2024 ஆகஸ்டு 6 ஆம் நாள் பாரிஸில், ஒலிம்பிக் 50 கிலோகிராம் பிரிவில், ஹரியாணாவின் வினேஷ் போகாட் ஜப்பானியரான யுயி சுசாகியை எதிர்கொண்டார். சுசாகி அதுவரை வெளிநாட்டவர் எவரிடமும் தோற்றதில்லை. வினேஷோ முந்திய ஆண்டு நம் ஜந்தர் மந்தரில் பல வாரம் அறப்போராட்டம் செய்த மல்லர்களுள் ஒருவர். கடைசிச் சில நொடிகள்வரை 0 – 2 என்று பின்தங்கியிருந்தவர், திடீரெனப் பாய்ந்து காலைப் பற்றித் தள்ளினார். ஜப்பானியர் முறையிட்டனர், ஒளிப்படத்தை ஓட்டிப் பார்த்தனர், முறையீடு பொய்த்ததால் மேலும் ஒரு புள்ளி கிடைக்க, 3 – 2 என முடிந்தது. அன்றே மேலும் இருவரை வென்று இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றார். மறுநாட் காலை நிறுத்துப் பார்த்தபோது 100 கிராம் மிகுதி. விதிப்படி போட்டியிலிருந்தே நீக்கப்பட்டு, வரிசையில் கடைசியாக வைக்கப்பட்டார். விளையாட்டு நடுவர் மன்றமும் 14 ஆம் நாள் அவர் முறையீட்டைத் தள்ளிவிட்டது.

17 ஆம் நாள் அவர் தில்லி விமான நிலையத்தில் வந்திறங்கியபோது, பதக்கம் இல்லாத அவரை வரவேற்கப் பெருங்கூட்டம் திரண்டது. அன்று மாலை எம் குடியிருப்பின் பூங்கா இருக்கையில் வழக்கம்போல் இரு கட்சி. விதி விதிதானே என்றார் ஓய்வுபெற்ற கணக்காய்வாளர் ஒருவர். 100 கிராமுக்கா இத்தண்டனை என்றார் மற்றொருவர். நடைப்பயிற்சிக்கு வந்த மூதாட்டியார் ஒருவர், கும்பகோணத்தை விட்டு வந்து ஐம்பது ஆண்டுக்கு மேலாகிறது அவர்க்கு, சிறிது நின்று கேட்டார். “என்னமோ பேசிண்டே இருங்கோ. அந்த ஜப்பான்காரியை அவள் தள்ளினதை நான் டீவியிலே கண்ணாலே பார்த்தேன்” என்று சொல்லிவிட்டு நடையைத் தொடர்ந்தார்.